ஆறு மாதப் படிப்பு

திருப்பூர்,
9-6-2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அனுசுயா எழுதுவது. நானும் ஜனனியும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமலே இந்த ஒரு வாரம் போய்விட்டது. உங்கள் போனை மறுவாழ்வு மையத்தில் வாங்கி வைத்துவிட்டதாகவும், ஆறு மாதமும் கடிதம் மட்டும்தான் என்றும், மூன்று மாதம் கழித்து நேரில் வந்து பார்க்கலாம் என்றும் அங்கே ஆலோசகராக இருக்கிற டேனியல் சார் சொன்னார். வண்டியில் ஏறும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பரவாயில்லை. குடியை விட்டுத் திரும்பி வந்தால் போதும்.

ஜனனிக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா வெளியூரில் மிஷின் பொருத்தப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் யூனிட்டுக்குப் போய் முதலாளி தனபால் அண்ணனைப் பார்த்தேன். வேலையைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம் என்றார். நானும் சும்மா இராமல் மத்தியானத்தில் ஒரு தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஆறு மாதம்.

இரண்டு பனியனும் ஒரு போர்வையும் அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் நலம் பற்றி இரண்டு வரியாவது எழுதுங்கள்.

அனுசுயா

---

திண்டுக்கல்,
23-6-2024

அன்புள்ள அனுவுக்கு,

மாதவன் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். அதுவே நலம்தான். முதல் பத்து நாள் நடுக்கத்தில் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இப்போது பேனா பிடிக்க முடிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீயும் தனபால் அண்ணனும் சேர்ந்துதான் என்னை இங்கே அனுப்பினீர்கள் என்ற கோபம் இன்னும் போகவில்லை. மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நெருப்பெரிச்சலில் இருக்கிற அந்த யூனிட்டில் ஒன்பது வருடமாக அந்தக் கம்ப்யூட்டர் என் கையில் இருக்கிறது. ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற படத்தை எம்பிராய்டரி மிஷினுக்குப் புரிகிற தையலாக மாற்றிக் கொடுக்க அங்கே என்னை விட்டால் யார்? எனக்கு உதவிக்கு இருக்கிற கவின் பையனா? அவனுக்கு ஒரு பூவை பஞ்சிங் பண்ணவே அரை நாள் ஆகும்.

இன்னொன்று. மிஷினில் துணி மாட்டுகிற பழனாயி அக்கா எப்படி இருக்கிறார்? கடைசி நாள் யூனிட்டில் ஏதோ சத்தம் கேட்டது மட்டும் லேசாக ஞாபகம். அதற்கு மேல் ஒன்றும் நினைவில் இல்லை. என்ன நடந்தது?

ஜனனியின் தலைவலி சரியாயிற்றா? உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

மாதவன்

---

திருப்பூர்,
15-7-2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோணல் எழுத்தாக இருந்தாலும் உங்கள் எழுத்து. நாங்கள் நலம். ஜனனிக்கு இப்போது தலைவலி இல்லை.

தையல் வகுப்பு என்று எழுதியிருந்தேன். அது வெறும் தையல் இல்லை. ஃபேஷன் டெக்ஸ்டைல் டிசைன் என்று பெயர். எம்பிராய்டரியும் கம்ப்யூட்டரும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் முதல் ஐந்து வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. சங்கிலித் தையல், காம்புத் தையல், நிரப்புத் தையல் எல்லாம் கையால்தான். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். வர்ஷினி டீச்சர் என்னைவிட நாலு வயது சின்னவர். சிரித்துக்கொண்டே, "கையில போட்டுப் பார்க்காத தையல மிஷினுக்கு எப்புடிங்க்கா சொல்லிக் குடுப்பீங்க? நூல் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு முதல்ல உங்க வெரலுக்குத் தெரியோணும்" என்றார்.

போன வாரம்தான் கம்ப்யூட்டருக்கு விட்டார்கள். பயிற்சிக்கு, ஒரு நேரத்தில் ஒரு துணியை மட்டும் தைக்கிற ஒற்றைத் தலை மிஷின் ஒன்று இருக்கிறது. நான் வரைந்த இலையை அது தைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிந்ததும் துணியை எடுத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

கவின் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டான். வேறு விசேஷம் இல்லை. மழைச்சாரல் என்றால் வெளியில் படுக்காதீர்கள்.

அனுசுயா

---

திண்டுக்கல்,
28-7-2024

அன்புள்ள அனுவுக்கு,

நலம். எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது. நீங்கள் இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பழனாயி அக்காவைப் பற்றிக் கேட்டிருந்தேன். ஒரு வரிகூட இல்லை. மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

கைத்தையல் கற்றுக்கொள்வது நல்லதுதான். கம்ப்யூட்டர் உனக்கு எதற்கு? ஒரு வீட்டில் ஒரு பஞ்சிங் டிசைனர் போதும். நான் வந்து என் வேலையைப் பார்ப்பேன். நீ ஜனனியைப் பார்த்துக்கொள். கவின் போய்விட்டான் என்றால் இப்போது யார் செய்கிறார்கள்? அதையும் எழுதவில்லை.

இங்கே தினமும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. டேனியல் சாரும் வற்புறுத்தவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

மாதவன்

---

திருப்பூர்,
2-9-2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஜனனிக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் எடை கூடியிருப்பதைக் கேட்டுச் சந்தோஷம்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். வகுப்பில் கூடப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு. கைக்குழந்தைச் சட்டையில் சிவப்பு நண்டு ஒன்று போட வேண்டுமாம். மெல்லிய பின்னல் துணி. கம்ப்யூட்டரில் பார்த்தால் நண்டு அழகாக இருக்கிறது. தைத்து எடுத்தால் துணி சுருங்கி, கால்கள் வளைந்து, கண்கள் இடம் மாறிவிடுகின்றன. நாலு தடவை மாற்றியும் சரியாகவில்லை. ஏழாவது தலையில் மட்டும் அடிக்கடி நூல் வேறு அறுந்து போகிறதாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சாம்பிள் போயாக வேண்டும். பாவம், தூக்கமில்லாமல் இருக்கிறாள். உங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். உடனே எழுதினால் உபகாரமாக இருக்கும்.

உங்கள் உடம்புக்கு ஏதாவது தேவை என்றால் தெரிவியுங்கள்.

அனுசுயா

---

திண்டுக்கல்,
4-9-2024

அனு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பயிற்சி மிஷினுக்கு ஒரே ஒரு தலை என்று நீயே எழுதினாய். அப்புறம் ஏழாவது தலை எங்கிருந்து வந்தது? திருப்பூரில் ஏழாவது தலையில் நூல் அறுக்கிற இருபது தலை மிஷின் எது என்று எனக்குத் தெரியாதா? கூடப் படிக்கிற பெண்ணாம். என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீ.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. எல்லார் வீட்டிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள். நீ வருகிறேன் என்றுகூட எழுதவில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது. என்னை இங்கே அடைத்துவிட்டு என் இடத்தைப் பிடித்துக்கொண்டாய். தனபால் அண்ணன் யோசனையா, உன் யோசனையா?

நண்டுக்குப் பதில் சொல்கிறேன். வேலை கெட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது. பின்னல் துணி இழுபடும். ஊசி துணியைத் தள்ளிக்கொண்டே போகும். ஓரத்தில் ஆரம்பிக்காதே, நடுவிலிருந்து வெளியே போ. முதலில் அகலமான அடித்தையல் ஒன்று ஓட்டி, துணியையும் கீழே வைக்கிற தாளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்து. அதற்குமேல் வருகிற நிரப்புத் தையலை இவ்வளவு நெருக்கமாகப் போடாதே. கண்களைக் கடைசியில் போடு. ஏழாவது தலையில் நூல் வருகிற வளையத்தில் கீறல் இருக்கிறது. வளையத்தை மாற்றச் சொல்.

பழனாயி அக்காவைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

மாதவன்

---

திருப்பூர்,
16-9-2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். அதிர்ச்சியான எதையும் எழுதக்கூடாது என்று முதல் நாளே அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இனி மறைப்பது நியாயமில்லை.

மே மாதம் 28ஆம் தேதி நீங்கள் மத்தியானமே குடித்துவிட்டு யூனிட்டுக்கு வந்தீர்கள். சாம்பிள் ஒன்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மிஷின் முன்னால் நின்றீர்கள். பழனாயி அக்கா ஃபிரேமில் துணியை மாட்டி, சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தார். "இருங்க தம்பி, கையெடுத்துக்கறேன்" என்று சொன்னதாக எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் பொத்தானை அழுத்திவிட்டீர்கள். ஊசி அவருடைய வலது ஆள்காட்டி விரலில் இரண்டு தடவை இறங்கிவிட்டது. எலும்பில் ஊசி ஒடிந்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது காங்கேயத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார்.

ஆஸ்பத்திரியை தனபால் அண்ணன் பார்த்துக்கொண்டார். அக்கா போலீசுக்குப் போகவில்லை. ஆனால் அண்ணன் என்னிடம், "அம்மிணி, அவரு குடிய உட்டுட்டு வந்தாலும் என்ற மிஷின்கிட்ட நிக்க உட மாட்டனுங்க. தப்பா நெனைக்காதீங்க" என்றார். நான்தான் அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். யோசனை என்னுடையது, அவருடையது இல்லை. முதலில் படித்துவிட்டு வாங்க என்றார். கவின் போனதும், கற்றுக்கொண்டே செய்யுங்கள் என்று உட்கார வைத்தார்.

உங்கள் இடத்தைப் பிடிக்கவில்லை. அது காலியாகத்தான் இருந்தது.

ஜனனி நலம். டேனியல் சாரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தனியாக உட்கார்ந்து யோசிக்காதீர்கள்.

அனுசுயா

---

திண்டுக்கல்,
23-9-2024

திருமதி அனுசுயா அவர்களுக்கு,

வணக்கம். காலையில் போனில் சொன்னதை எழுத்திலும் தெரிவிப்பது எங்கள் மையத்தின் வழக்கம். உங்கள் கணவர் மாதவன் நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, பல் வலி என்று துணை ஆளுடன் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கிருந்து காணாமல் போய்விட்டார். இதுவரை திரும்பவில்லை. சனிக்கிழமை உங்கள் கடிதம் அவர் கைக்குப் போயிற்று. படித்த பிறகு யாரிடமும் பேசவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தால், குடித்திருக்கிறார் என்று தெரிந்தால் கதவைத் திறக்க வேண்டாம். எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் உண்மையை எழுதியது தவறு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நீங்களும் குழந்தையும் தைரியமாக இருங்கள்.

தங்கள்,
டேனியல், ஆலோசகர்

---

திண்டுக்கல்,
26-9-2024

அன்புள்ள அனுவுக்கு,

நான் நலமாக, குடிக்காமல், மையத்தில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானாகவே திரும்பி வந்தேன். அன்றைக்கே டேனியல் சார் உனக்குச் சொல்லியிருப்பார். என் கையாலும் எழுத வேண்டும்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஞாபகம் இல்லை என்று எழுதினேனே, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அக்கா சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் அழுத்தினேன். அவர் கத்தியதும் நினைவிருக்கிறது. நீயாவது 'ஒன்றும் நடக்கவில்லை, அது உங்கள் கனவு' என்று எழுத மாட்டாயா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு இங்கே உட்கார முடியவில்லை.

கொப்பரை ஏற்றிக்கொண்டு காங்கேயம் எண்ணெய் ஆலைக்குப் போகிற லாரி ஒன்று கிடைத்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே டாஸ்மாக் கடை. எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே போகவில்லை. இரவு பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் வீட்டை விசாரித்துப் போனேன். அக்கா வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், இடது கையால். ஒன்பது வருடமாக என்னை "வாங்க தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கிட்ட வா" என்றார். குனிந்தேன். என் வாயை மோந்து பார்த்தார். "செரி, உக்காரு" என்றார்.

காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"கால்ல உழுகாத. உழுந்தா உனக்குத்தான் மனசு லேசாகும். எனக்கென்ன ஆகும்?" என்று வலது கையை நீட்டினார். "பாரு. சோத்தப் பெசையறப்ப இது ஒண்ணு மட்டும் நட்டமா நிக்குது. முப்பது வருசம் துணி தொட்ட கை."

"மன்னிச்சுருங்கக்கா."

"அது என்ற வாயில வராது. வராததச் சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன்."

நறுக்கிய காயை முறத்தில் தள்ளிவிட்டு அவராகவே சொன்னார்: "உன்ற பொண்டாட்டி ஞாயித்துக்கெழமையானா பஸ் ஏறி வந்துர்றா. தல சீவிப் பின்னி உட்டுட்டு, துணி தொவச்சுப் போட்டுட்டுப் போறா. உன்னைப் பத்திப் பேசறதா இருந்தா வராதேன்னு மொத நாளே சொல்லிப்போட்டேன். இன்னவரைக்கும் ஒரு பேச்சுப் பேசல. நேத்துகூட வந்துட்டுப் போனா."

என்னைப் பார்க்க வராத ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்கே இருந்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. என் போன கடிதத்தை நினைத்துக் கூசிப்போனேன்.

வட்டத்தில் நேற்று முதல் தடவையாக வாய் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் உடம்பும் ஜனனி உடம்பும் எப்படி இருக்கிறது? உங்களைப் பயமுறுத்தியது என் தப்பு.

மாதவன்

---

திருப்பூர்,
21-10-2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமாகத் திரும்பிய செய்தி கிடைத்த அன்றைக்கே எழுதியிருக்கலாம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நண்டு சரியாக வந்துவிட்டது. வளையத்தையும் மாற்றிவிட்டார்கள். பையர் ஓகே சொல்லி ஆர்டர் ஓடுகிறது. தனபால் அண்ணன் இது யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். தைத்த நண்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேனியல் சார் போன் செய்ததிலிருந்து நீங்கள் கிடைத்துவிட்டீர்கள் என்று சொல்லும் வரை கதவுக்கு உள்ளே பீரோவை நகர்த்தி வைத்திருந்தேன். ஜனனி கேட்டாள். எலி வருகிறது என்றேன். அவள் நம்பவில்லை. "அப்பாவா?" என்றாள். எட்டு வயசுப் பிள்ளை, அதற்குள் எல்லாம் புரிந்துகொள்கிறாள். நான் சொன்ன மிஷின் பொருத்துகிற கதையை அவள் என்றைக்குமே நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நீங்கள் செத்துப் போயிருப்பீர்களோ என்றும் பயந்தேன். உயிரோடு வந்து கதவைத் தட்டுவீர்களோ என்றும் பயந்தேன். எது பெரிய பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது தெரிந்த பிறகு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி உங்களை அனுப்புகிறார்கள். ஜனனி காலண்டரில் நாள் எண்ணுகிறாள். நான் எண்ணவில்லை. நேராக வீட்டுக்கு வராதீர்கள். எப்போது வரலாம் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. கோபத்தில் எழுதவில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

குளிர் வந்துவிட்டது. ஸ்வெட்டர் அனுப்புகிறேன். போட்டுக்கொள்ளுங்கள்.

அனுசுயா

---

திண்டுக்கல்,
10-11-2024

அன்புள்ள அனுவுக்கு,

ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. உடம்பும் பரவாயில்லை. உங்கள் நலம் இதுபோலவே இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

உடுமலைப்பேட்டையில் சோணைமுத்து சித்தப்பா தேங்காய் மண்டியில் வேலை பார்க்கிறார் அல்லவா, அவருக்கு எழுதினேன். வரச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் குடிப் பழக்கம் இல்லை. ஒன்றாம் தேதி நேராக அங்கே போகிறேன். அங்கே போனதும் போன் கைக்கு வந்துவிடும். ஆனாலும் உன்னைக் கூப்பிட மாட்டேன். போனில் கேட்டால் நீ உடனே பதில் சொல்லியாக வேண்டும். கடிதம் என்றால் யோசித்து எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

யூனிட் கம்ப்யூட்டரில் ஒரு பூட்டிய ஃபோல்டர் இருக்கும். ஒன்பது வருடத்தில் நான் பஞ்சிங் செய்த எல்லாவற்றுக்கும் எந்தத் துணிக்கு எவ்வளவு நெருக்கம், எந்த அடித்தையல், எந்த ஊசி என்று குறித்து வைத்திருக்கிறேன். கவினுக்குக் காட்டியதில்லை. அது யார் கைக்கும் போகாதவரை என்னை யாரும் வெளியே அனுப்ப முடியாது என்ற நினைப்புத்தான். அதைத் திறக்கிற வழியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கிழித்துவிடு. இனிமேல் அது உன்னுடையது.

பரீட்சையை நன்றாகச் செய். ஜனனிக்கு என் முத்தம், நீ சொல்வதாக இருந்தால்.

மாதவன்

---

திருப்பூர்,
17-12-2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நேற்று முன்தினம் நேரில் பார்த்தும் நலம் கேட்க மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறீர்கள்? மண்டி வேலையில் தோள் காய்த்திருப்பதைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

போன கடிதத்தில் விட்டுப்போனது இது. பரீட்சையில் தேறிவிட்டேன். யூனிட்டில் நிரந்தரமாக எடுக்கிறோம் என்று தனபால் அண்ணன் சொன்னபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஃபிரேம் மாட்டுகிறவர் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தாதவரை மிஷின் ஓடக்கூடாது. மெக்கானிக் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டார். பழனாயி அக்கா தை பிறந்ததும் வேலைக்கு வருகிறார். தைத்த துணியைச் சரிபார்க்கிற வேலை. உங்களைப் பற்றி இப்போதும் பேசுவதில்லை. நானும் பேச வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று நீங்கள் எழுதியதற்கு, காலையில் வந்து ஆறு மணி பஸ்ஸில் திரும்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் உள்ளே வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். ஜனனி தட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். அவள் வீட்டுப்பாட நோட்டை எல்லாம் காட்டி முடிக்கிறவரை பொறுமையாகப் பார்த்தீர்கள். ஐந்தரை ஆனதும், நான் சொல்லாமலே எழுந்தீர்கள். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நீங்கள்தான் விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "அம்மா சொன்னா சொன்னதுதான் கண்ணு" என்றீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். காலையில் நீங்கள் தெருமுனையில் திரும்பியதிலிருந்து நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். சோறு போடும்போதும் பயம், நீங்கள் சிரித்தபோதும் பயம். ஸ்டாப்புக்கு வந்து நீங்கள் பஸ் ஏறுவதைப் பார்த்தேன். பஸ் கிளம்பிப் போன பிறகுதான், கடைசி அரை மணி நேரம் எனக்குப் பயமே இல்லை என்பது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஆறரை பஸ்ஸில் போனால் போதும்.

அனுசுயா